எந்தக் காட்சிச்சாலையைத் திறப்பது?

உறுப்பினர் கல்விக்கென ஒதுக்கப்பட்ட தொகையிலிருந்து, கண்ணில் மாட்டிக்கொண்டு பார்க்கும் மின்கருவிகள் சிலவற்றை வாங்கலாம் என்று ஒரு யோசனை நம் நிர்வாகக் குழுவின் முன் வந்திருக்கிறது. அக்கருவிகளின் துணையால், வெளிநாடுகளிலுள்ள பெரிய மியூசியங்களை நம் சங்கக் கட்டிடத்தில் அமர்ந்தபடியே சுற்றிப் பார்த்துவிடலாமாம். யோசனையைக் கொண்டுவந்தவர்கள் நம் உறுப்பினர்களின் புதல்வர்களும் புதல்வியருமான இளைஞர்கள். தறிக்குழிக்கும் வயலுக்கும் அப்பால் உள்ளதைப் பெற்றோருக்குக் காட்ட வேண்டும் என்ற அவர்களுடைய ஆர்வத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் கருவி வாங்குவதில் நமக்கு உடன்பாடு இல்லை. காட்சிச்சாலைகளைக் காண வேண்டாம் என்பதன்று நம் கருத்து. எந்தக் காட்சிச்சாலையை, எதற்காக, எவ்வாறு காண்பது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, பணத்தை அதன் பிறகு எண்ணுவோம் என்பதே நாம் சொல்ல வந்தது.

இணையத்தின் வழியே காட்சிச்சாலைகளைக் காணும் வழக்கம் மிகப் பழையதன்று. 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூகுள் நிறுவனத்தார் 17 காட்சிச்சாலைகளைச் சேர்த்து அதற்கென ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயின் காரணமாக உலகெங்கும் காட்சிச்சாலைகளின் கதவுகள் அடைக்கப்பட்டபோது, வீட்டில் முடங்கிய மக்களுக்காக மேலும் பல சாலைகள் தம் மண்டபங்களை இணையத்தில் திறந்துவைத்தன. இன்று கைபேசி ஒன்றும் இணைப்பும் இருந்தால் போதும். பார்ப்பதற்குக் கட்டணம் கேட்பவர்கள் மிகச் சிலரே. அளவின்றிக் கிடைக்கிற காரணத்தினாலேயே தேர்ந்தெடுப்பது கடினமாகிவிட்டது. திருவிழாக் கடைத்தெருவில் நுழைந்த பிள்ளையைப்போல, ஒளிர்வதை எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வீடு திரும்புகிறோம்.

இதை நாம் கேள்வியினால் சொல்லவில்லை, அனுபவத்தினால் சொல்கிறோம். சென்ற மாதம் ஒரு மாலை, இரவல் வாங்கிய திரையை நம் சங்கக் கூடத்தில் விரித்து, முப்பது பேர் அமர்ந்து ஓர் அயல்நாட்டு அரண்மனைக் காட்சிச்சாலையைச் சுற்றினோம். பளிங்குத் தரை, பொன்முலாம் பூசிய விதானம், அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த அறை. முதல் கால் மணி நேரம் எல்லோருக்கும் வியப்பாகவே இருந்தது. அப்பால் ஓர் அறையில், கண்ணாடிப் பேழைக்குள் கட்டம் போட்ட பருத்தித் துணி ஒன்று தொங்குவது தெரிந்தது. கூடத்திலிருந்த முதியவர் ஒருவர், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தறியில் அமர்ந்தவர், திரையை இயக்கிய இளைஞரைப் பார்த்து, “தம்பி, அதைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவாப்பா. கரை எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும்” என்றார். இளைஞர் பெருக்கினார். துணி பெருகவில்லை, பேழையின் கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்த வெளிச்சந்தான் பெருகிற்று. அடியிலிருந்த சிறு சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் படிக்க வரவில்லை. “சரி, அடுத்த அறைக்குப் போ” என்று சொல்லிவிட்டு, முதியவர் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டார். அன்று மாலை நாம் பெற்ற பாடம் அதுதான்.

இணையவழிக் காட்சிச்சாலை என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் வழங்குகின்றன. ஒன்று மண்டபத்தைக் காட்டுவது. காமிராவைச் சுழலவிட்டு, நாம் உள்ளே நடப்பதுபோன்ற தோற்றத்தை உண்டாக்குவது. மற்றொன்று பொருளைக் காட்டுவது. காட்சிச்சாலையின் பெட்டகங்களிலுள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியே படமெடுத்து, எண்ணிட்டு, அளவும் மூலப்பொருளும் செய்முறையும் எழுதிப் பட்டியலாக வைப்பது. முன்னதற்கே விளம்பரம் மிகுதி. கண்ணில் மாட்டும் கருவியும் அதற்குத்தான் வேண்டும். பின்னதோ பார்வைக்குக் கணக்குப் பேரேடு போன்றது; திறந்தவுடன் மயக்குவதில்லை. ஆனால் நெசவாளனுக்கும் பயிரிடுவோனுக்கும் பயன்படுவது இந்தப் பேரேடே. மேலும், ஒரு பெரிய காட்சிச்சாலை தன் மண்டபத்தில் வைத்திருப்பது அதன் உடைமையில் ஒரு சிறு பங்குதான். துணிகள் வெளிச்சத்தில் நிறம் மங்கிவிடும் என்பதால், அவற்றை நெடுநாள் தொங்கவிடாமல் இருட்டறைப் பெட்டிகளில் அடுக்கி வைத்துவிடுகிறார்கள். மண்டபத்தை மாத்திரம் சுற்றுகிறவன் அவற்றை ஒருநாளும் காணமாட்டான்; நேரில் பயணம் போனவனும் காணமாட்டான். பட்டியலைத் திறக்கிறவன் காண்பான்.

அப்படியானால் எந்தப் பட்டியலை முதலில் திறப்பது? நம்மைக் கேட்டால், 1866ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரு காட்சிச்சாலையிலிருந்து தொடங்கச் சொல்வோம்.

அக்காலத்தில் லண்டனில் இந்தியா மியூசியம் என்று ஒன்று இருந்தது. அதன் பொறுப்பிலிருந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர், இந்தியாவில் நெய்யப்பட்ட துணிகளிலிருந்து 700 மாதிரிகளைத் தேர்ந்து, முழுத் துணிகளைத் துண்டுகளாக வெட்டி, ஏடுகளில் ஒட்டி, 18 தொகுதிகளாகக் கட்டுவித்தார். தலைப்பாகை, புடவை, லுங்கி, வேட்டி, மஸ்லின் முதலிய பலவும் அவற்றில் உண்டு. சென்னை மாகாணத்துத் துணிகளும் உண்டு. இத்தகைய கட்டுகள் 20 செய்யப்பெற்று, 13 பிரிட்டனிலும் 7 இந்தியாவிலும் வைக்கப்பட்டன. கட்டு ஒவ்வொன்றும் ஒரு தொழிற் காட்சிச்சாலை என்றே அவர் கருதினார். ஊர்விட்டு ஊர் போகாமல், தன் நகரத்தில் அமர்ந்தபடியே ஆலைக்காரன் இந்தியத் துணியைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பதே ஏற்பாடு. இன்றைய இணையக் காட்சிச்சாலைக்கு இதைப் பாட்டன் எனலாம். நோக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. இந்திய மக்கள் எதை உடுத்துகிறார்கள், எந்த அகலத்தில், எந்தக் கரையுடன் உடுத்துகிறார்கள் என்பதை அறிந்துகொண்டால் அதையே ஆலையில் நெய்து அவர்களுக்கு விற்கலாம் என்பதுதான் அது. அதே மனிதர் டாக்கா மஸ்லினின் இழையை நுண்ணோக்கியில் வைத்து அளந்து, ஐரோப்பிய ஆலை நூலைவிட அது மெல்லியது என்று கண்டு எழுதியும் வைத்தார் என்பதை நேர்மை கருதிச் சொல்லவேண்டும்.

அந்தக் கட்டுகளில் ஒன்று, பருத்தி ஆலைகளுக்குப் பேர்பெற்றிருந்த லங்காஷயர்ப் பகுதியின் பிரெஸ்டன் நகரத்துக்குச் சென்றது. இன்று அந்நகரின் ஹாரிஸ் காட்சிச்சாலையில் இருக்கிறது. அதன் ஏடுகள் படமெடுக்கப்பட்டு இணையத்தில் காணக் கிடைக்கின்றன. நம் முன்னோரின் துணியைப் பார்த்து ஆலைக்காரன் நெய்வதற்கென்று கட்டிய புத்தகம், இப்போது நாம் பார்த்து நெய்வதற்கு விரிந்து கிடக்கிறது. இதை அறிந்தவர்கள் நம் உறுப்பினருள் எத்தனை பேர்? துணிக்கு மாதிரி வரைந்து விற்கும் நகரத்துக் கம்பெனிகளும், விசைத்தறி முதலாளிகளும் இத்தகைய ஏடுகளைப் புரட்டுவதற்கு நம் அனுமதிக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

முதல் மாலையின் ஏமாற்றத்துக்குப் பின், இரண்டாவது மாலை நாம் திறந்தது இந்த ஏடுகளைத்தான். முப்பது பேர் வரவில்லை. பதினொரு பேர் வந்தார்கள். பளிங்கும் இல்லை, பொன்முலாமும் இல்லை. மங்கிய தாளில் ஒரு துண்டுத் துணி. அதன் அருகே ஒரு சீட்டு. அந்தச் சீட்டில் முழுத் துணியின் நீளம், அகலம், எடை, விலை, வாங்கிய இடம் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். இவ்வளவுதானே என்று தோன்றலாம். தொழில் தெரிந்தவனுக்கு இவை எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறோம்.

நீளம் 5 கெஜம், அகலம் 1 கெஜம், எடை அரை ராத்தல் என்று ஒரு துணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். படத்தைப் பெருக்கி எண்ணியதில் அங்குலத்துக்குப் பாவிழை 60, ஊடையிழை 60 என்று தெரிகிறது. அகலத்தில் உள்ள பாவிழைகள் 2,160. ஒவ்வொன்றும் 5 கெஜம். ஆகப் பாவு நூல் 10,800 கெஜம். ஊடையும் அவ்வாறே 10,800 கெஜம். மொத்தம் 21,600 கெஜம். 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம் என்ற கணக்கில், ஏறக்குறைய 26 சிட்டம் அரை ராத்தலில் அடங்கியிருக்கிறது. ஒரு ராத்தலுக்கு 51 அல்லது 52 சிட்டம். அதாவது நூல் 50ஆம் நம்பரை ஒட்டியது. இழை வளைவதற்கும் கஞ்சிக்கும் சிறிது தள்ளினாலும் கணக்கு வெகுதூரம் போகாது. இனி அந்தத் துணியை நம் தறியில் நெய்ய வேண்டியவர் அச்சையும் விழுதையும் தீர்மானிக்கலாம். வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்ட அதே முதியவர் அன்று இரவு பத்தரை மணி வரை எழுந்திருக்கவில்லை. எல்லாப் படத்திலும் இழை எண்ண முடியவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். நுண்ணிய துணிகளில் பெருக்கப் பெருக்கப் புகைதான் தெரிந்தது.

பயிரிடும் உறுப்பினர்கள், “இதெல்லாம் தறிக்காரர் விஷயம், எங்களுக்கு என்ன இருக்கிறது?” என்று கேட்கக்கூடும். இருக்கிறது. 1879ஆம் ஆண்டில் அந்த இந்தியா மியூசியத்தைக் கலைத்துவிட்டபோது, துணிகள் சவுத் கென்சிங்டன் காட்சிச்சாலைக்குப் போயின. 1899 முதல் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் என்று வழங்குவது அதுவே. தாவரப் பொருள்களோ கியூ தோட்டத்துக்குப் போயின. அங்கே 1847ஆம் ஆண்டிலேயே, பயன்படும் தாவரங்களுக்கென ஒரு காட்சிச்சாலை தொடங்கப்பட்டிருந்தது. இன்று ஏறக்குறைய ஒரு லட்சம் பொருள்கள் அந்தத் தொகுப்பில் உள்ளன: விதை, நார், மரம், பிசின், சாயம், அவற்றிலிருந்து செய்த பொருள்கள். அதன் பட்டியலையும் இணையத்தில் தேடலாம். பருத்தி ஒரு வீட்டிலும் பருத்தித் துணி மற்றொரு வீட்டிலுமாகப் பாகம் பிரிக்கப்பட்டுவிட்டன. நம் சங்கத்தில் பயிரிடுவோரும் நெய்வோரும் ஒரே பாயில் அமர்கிறார்கள். ஆகவே இரண்டு பட்டியலையும் அடுத்தடுத்துத் திறப்பதற்கு நம்மைவிடத் தகுந்தவர் யார்? கருங்கண்ணியும் உப்பமும் விளைந்த நிலத்தில் இன்று என்ன விளைகிறது என்பதை அறிந்தவர்கள், பழைய துணியின் நூல் எந்தப் பருத்தியிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று நெசவாளருக்குச் சொல்லலாம். சோழமண்டலக் கரைத் துணிகளின் சிவப்புக்குச் சாயவேரும் படிகாரமும், நீலத்துக்கு அவுரியும் காரணம். அவுரி இன்றும் திண்டிவனம் பக்கத்தில் பயிராகிறது. சாயவேரையோ நம் உறுப்பினரில் பலர் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள்.

சாயத்தைப் பற்றிப் பேச்சு வந்ததனால் ஒரு பழைய செய்தி. 1734ஆம் ஆண்டு வாக்கில் புதுச்சேரியில் போலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி ஒருவர், சீட்டித் துணிக்குச் சாயம் ஏற்றும் வேலையைப் படிப்படியாகக் கவனித்து எழுதி, ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டு துணியை வெட்டிச் சேர்த்து எடுத்துச் சென்றார். அந்தக் கையெழுத்துப் பிரதி பாரிஸிலுள்ள இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையின் நூலகத்தில் இருக்கிறது. 1742ஆம் ஆண்டில் கேர்டூ என்ற பாதிரியாரும் இதே செய்முறையைக் கடிதமாக எழுதி அனுப்பினார். நம் சாயக்காரர்கள் வாயால் சொல்லி, கையால் காட்டிவந்த வித்தை, அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் மறைந்துவிட்ட பின்பும் அந்தத் தாள்களில் தங்கியிருக்கிறது. இதில் கோபப்படுவதற்கு இடமுண்டு. ஆனால் கோபம் தணிந்த பிறகாவது படித்துக்கொள்ள வேண்டாமா?

இனி வேறு சில சாலைகளைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறோம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் காட்சிச்சாலை, உரிமைக்காலம் கடந்த தன் பொருள்களின் படங்களை எவரும் எதற்கும் அனுமதி கேளாமல் பயன்படுத்தலாம் என்று 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தது. கிளீவ்லண்டு காட்சிச்சாலை 2019லும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிலையம் 2020லும் இவ்வழியில் சென்றன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் 2012 முதலே பெரிய அளவிலான படங்களை எடுத்துக்கொள்ள விடுகிறது; டச்சு வியாபாரிகள் கொண்டுபோன சோழமண்டலக் கரைச் சீட்டிகள் அங்கே உண்டு. விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தின் துணிச் செல்வம் இவற்றினும் பெரிது. ஆனால் அதன் படங்களைப் படிப்புக்கும் சொந்த உபயோகத்துக்கும் எடுக்கலாமே ஒழிய, வியாபாரத்துக்குத் தனி அனுமதி வேண்டும். பார்த்துக் கற்றுக்கொள்வது வேறு, அவர்கள் எடுத்த படத்தையே நம் விளம்பரத்தில் அச்சிடுவது வேறு என்பதை உறுப்பினர்கள் மறக்கலாகாது. நம் நாட்டில், மத்திய அரசின் காட்சிச்சாலைகள் சிலவற்றின் பொருள்களை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் ஏற்பாடு உள்ளது. சென்னை அரசுக் காட்சிச்சாலை 1851ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது; ஒரு நாள் ரயில் பயணத்தில் நேரிலேயே போய்விடலாம் என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

தேடுவதில் ஒரு தந்திரம் உண்டு. இன்றைய எழுத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் பல பட்டியல்கள் ஒன்றும் தருவதில்லை. வெள்ளைக்காரன் எழுதியபடி தஞ்சாவூரை ‘டாஞ்சோர்’ என்றும், மதுரையை ‘மதுரா’ என்றும், கரையை ‘கோரமண்டல்’ என்றும் ஆங்கில எழுத்தில் தேடவேண்டும். சீட்டிக்கு ‘சின்ட்ஸ்’, பெரிய படுக்கை விரிப்புக்கு ‘பாலம்போர்’, டச்சுக்காரரிடம் ‘சிட்ஸ்’. ஆங்கிலம் படித்த பிள்ளையும் துணி தெரிந்த பெரியவரும் சேர்ந்து அமர்ந்தாலன்றி இந்தத் தேட்டம் நடக்காது. தலைக்கொரு கருவியை மாட்டிவிட்டால், ஒவ்வொருவரும் தனியே பார்த்துத் தனியே மறப்பதுதான் நிகழும். கருவியின் மீது நமக்குள்ள பெரிய குறையும் இதுவே.

திரையை எவ்வளவு தூரம் நம்புவது என்பதற்கும் எல்லையுண்டு. நிறத்தை நம்பவே கூடாது. ஒரு கைபேசியில் கருப்பாகத் தெரிந்த அவுரி நீலம் மற்றொன்றில் ஊதாவாகத் தெரிந்ததை இரண்டாம் மாலையிலேயே கண்டோம். படத்தைப் பார்த்துச் சாயம் காய்ச்ச முனைகிறவர் நூலையும் விறகையும் இழப்பார். அளவும் ஏமாற்றும்; கைக்குட்டையும் கட்டில் விரிப்பும் திரையில் ஒரே பருமன். ஆதலால் பக்கத்திலுள்ள அளவைப் படிக்காமல் பூவின் அளவைத் தீர்மானிக்கலாகாது. பெரும்பாலான சாலைகள் துணியின் முகத்தை மாத்திரம் படமெடுக்கின்றன. கோர்வை எவ்வாறு பூட்டப்பட்டிருக்கிறது, ஊடு இழை பின்னால் மிதக்கிறதா வெட்டப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் பின்புறம் பார்த்தாலன்றித் தெரியாது. பின்புறத்தையும் காட்டும் பட்டியலைக் கண்டவர்கள் உடனே நமக்கு எழுதுக. அதை முதல் வரிசையில் வைப்போம்.

பட்டியல்களில் நம் மனத்தை உறுத்திய ஒன்றையும் எழுதிவிடுகிறோம். படம் எழுதினவனுக்குப் பெயர் இருக்கும். சிலை வடித்தவனுக்கும் சில இடங்களில் பெயர் இருக்கும். துணிக்கு எதிரே பெரும்பாலும் ‘செய்தவர் பெயர் தெரியவில்லை, தென்னிந்தியா’ என்ற குறிப்புத்தான். இருநூறு ஆண்டுக்கு முந்தைய நெசவாளனின் பெயரை நாம் இனித் தேடிக்கொடுக்க முடியாது. ஆனால் ‘தென்னிந்தியா’ என்பதை ஓர் ஊராகச் சுருக்க நம்மால் முடியும். இந்தக் கட்டம் எந்தப் பக்கத்து லுங்கியினுடையது, இந்தக் கரை எந்த ஊர்ப் புடவையில் வரும், இது அச்சடித்ததா கையால் எழுதியதா என்பன, மேசைக்கு முன் அமர்ந்த ஆராய்ச்சியாளரைவிடத் தறிக்கு முன் அமர்ந்தவருக்கு எளிதில் தெரியும். பல சாலைகள் தம் குறிப்புகளில் பிழையிருந்தால் எழுதுமாறு கேட்டுக்கொள்கின்றன. சங்கத்தின் முத்திரையுடன், பொருளின் எண்ணைக் குறிப்பிட்டு, காரணத்தையும் காட்டி ஒரு கடிதம் எழுதுவதில் என்ன தடை? ஐயமிருந்தால் ஐயம் என்றே எழுதவேண்டும். ஊர்ப்பற்றினால் எல்லாத் துணியையும் நம் ஊர்த் துணி ஆக்கிவிடக்கூடாது.

ஆகவே நிர்வாகக் குழுவுக்கு நம் வேண்டுகோள் இது. கண்ணில் மாட்டும் கருவிகளை வாங்க வேண்டாம். அத்தொகையில் தெளிவான பெரிய திரை ஒன்றை வாங்குங்கள். சங்கக் கட்டிடத்துக்குத் தடைப்படாத இணைய இணைப்பை எடுங்கள். மிஞ்சுவதில், மாதம் இரண்டு மாலை வந்து பட்டியல்களைத் தேடித் தமிழில் படித்துச் சொல்லும் இளைஞர் இருவருக்குச் சிறு ஊதியம் கொடுங்கள். யோசனை கொண்டுவந்த இளைஞர்களே அவ்விருவராக இருப்பின் நமக்கு மகிழ்ச்சி. பார்த்த துணிகளின் எண், அளவு, நாம் கண்டறிந்த நூல் நம்பர் ஆகியவற்றை ஒரு பேரேட்டில் எழுதிவைத்தால், ஆண்டு முடிவில் அவற்றில் ஒன்றிரண்டையாவது தறியில் ஏற்றிப் பார்க்கலாம். அரண்மனைகளைக் காண விரும்புகிறவர்கள் வீட்டில் தாராளமாகக் காணட்டும். அதற்குச் சங்கத்தின் பணம் வேண்டாம்.

இரவல் திரை இன்னும் சிலநாள் நம்மிடம் இருக்கும். வரும் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்கு, வாட்சன் ஏடுகளில் லுங்கி மாதிரிகளைப் பார்ப்பதாக உத்தேசம். பழைய லுங்கியோ, கட்டம் போட்ட கைக்குட்டைத் துணியோ வீட்டுப் பெட்டியில் வைத்திருப்பவர்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவற்றை உடன் கொண்டுவர வேண்டுகிறோம். அடிக்கோலும் இழை எண்ணும் கண்ணாடியும் சங்கத்தில் ஒவ்வொன்றுதான் உள்ளன. சொந்தமாக உடையவர்கள் எடுத்து வருக.